தண்ணி எடுக்கிற டாக்டரம்மா

ஜெல் பாட்டிலை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறாள் என் மனைவி. ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்சு; அதில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு ஏழெட்டுப் பேர். பாட்டிலைச் சூடாக்கும் கருவி பழுதாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. குளிர்ந்த ஜெல் முதுகில் பட்டால் நோயாளி துள்ளுவார். துள்ளினால் மூச்சைப் பிடித்துக்கொள்வார். மூச்சைப் பிடித்தால் திரையில் எதுவும் அசையாது. புதுக் கருவி கேட்டுக் கேட்டு வாய் வலித்த பிறகு, தன் உடம்பையே அந்த வேலையில் அமர்த்திவிட்டாள். வரிசைக்குப் புதிதாக வந்த ஒருவர், "டாக்டரம்மாவுக்கே காய்ச்சல் போல. எவ்வளவு பெரிய தெர்மாமீட்டர் பாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்ததை நானே கேட்டிருக்கிறேன்.

அவள் நெஞ்சுநோய் மருத்துவர். கதவில் என்னென்னவோ பட்டங்கள் எழுதியிருந்தாலும் பெஞ்சில் இருப்பவர்களுக்கு அவள் 'தண்ணி எடுக்கிற டாக்டரம்மா'தான். நுரையீரலுக்கும் விலா எலும்புகளுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று இருக்கிறது. காசநோய்க் கிருமி அந்த இடத்துக்கு வந்துவிட்டால் அங்கே நீர் கோத்துக்கொள்ளும். நீர் ஏற ஏற நுரையீரல் மேலே ஒதுங்கிச் சுருங்கும். அந்த நீர் எங்கே, எவ்வளவு, எந்தத் தினுசில் இருக்கிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்த்து, ஊசி எங்கே இறங்கலாம், எங்கே இறங்கவே கூடாது என்று சொல்வது அவள் பிழைப்பு. திரையில் நீர் கறுப்பாகத் தெரியும். எனக்கு மட்டும் எல்லாமே சிக்னல் போன பழைய டிவி மாதிரிதான் தெரியும். "உங்களுக்குப் புரியாது, விடுங்க" என்பாள். பல வருடமாக விட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நோயாளியோடு அவள் அதிகம் பேசுவதில்லை, நுரையீரலோடு பேசுவாள். மூச்சை இழுக்கும்போது திரையின் மேல் ஓரத்தில் அது எட்டிப் பார்க்கும். "வா, வா. இன்னும் கொஞ்சம். என்ன வெட்கம்? இறங்கி வா" என்பாள். மூச்சை விட்டதும் அது மேலே போய்விடும். "போ, போ. திமிரு" என்பாள். ஒருமுறை வயதான ஒருவர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக் கட்டிலை விட்டு இறங்கிவிட்டார்.

முதுகுப் பக்கமாகவே உட்கார்ந்து வேலை செய்வதில் அவளுக்கு ஒரு குறை வந்துவிட்டது. முகங்கள் நினைவில் நிற்பதில்லை. கடைத்தெருவில் யாராவது வந்து கை கூப்பி, "டாக்டரம்மா, நல்லாருக்கீங்களா? உங்களாலதான் நான் இன்னைக்கு உயிரோட நடமாடுறேன்" என்று கண் கலங்குவார். இவள் திருதிருவென்று முழிப்பாள். அவரும் ஏமாந்துபோய்த் திரும்பி நடப்பார். அப்போதுதான் இவளுக்குப் பளிச்சென்று விளங்கும். "ஏய், இவரா! வலது பக்கம், எட்டாவது விலாவுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்கும். ஏங்க, கூப்பிடுங்க அவரை!" என்று என்னைத் துரத்துவாள். நானும் மூச்சிரைக்க ஓடிப் போய், "டாக்டருக்கு உங்க முதுகு ஞாபகம் வந்துடுச்சு, வாங்க" என்று அழைத்து வருவேன். இப்படி அழைத்து வந்தவர்கள் என்னை என்ன நினைத்தார்களோ தெரியாது.

அவளிடம் இன்னொரு விஷயம். நல்ல செய்தி என்றால் "ம்" என்பாள். கெட்ட செய்தி என்றால் "பரவாயில்லை" என்பாள். இது தெரியாமல் பெஞ்சில் இருப்பவர்கள் "பரவாயில்லை" கேட்டுச் சந்தோஷமாகவும் "ம்" கேட்டுக் கலங்கியும் வீட்டுக்குப் போகிறார்கள். வீட்டிலும் அப்படித்தான். நான் சமைத்த நாளில் "பரவாயில்லைங்க, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிப்பாள்.

இவளுக்கு வாய்த்த நான், வாஷிங் மெஷின், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் வாங்கும்போது பெட்டிக்குள் இருக்குமே ஒரு கையேடு, அதை எழுதுகிறவன். லட்சக்கணக்கில் அச்சாகி ஒருவர்கூடப் படிக்காத எழுத்தாளன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். 'கருவியைச் சமதளத்தில் வைக்கவும்' என்பது என் புகழ்பெற்ற வரி. இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் என் பள்ளித் தோழர் என்பதால் மட்டுமே, உங்களிடம் இத்தனை நீளம் பேசக் கிடைத்திருக்கிறது.

ஆனால் எனக்கும் ஒரு கௌரவம் இருந்தது. சனிக்கிழமை காலைகளில் அவள் மற்ற மருத்துவர்களுக்கு நெஞ்சு ஸ்கேன் கற்றுக்கொடுப்பாள். நோயாளிகளின் நெஞ்சு எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். ஒன்றும் இல்லாத நெஞ்சு வேண்டுமே. முதலில் காவலாளியைக் கேட்டாள். "சட்டையைக் கழட்டுற வேலை எனக்கு ஆகாது மேடம்" என்று அவர் ஒதுங்கிவிட்டார். கடைசியில் என்னைப் பிடித்தாள். சின்ன வயதிலிருந்து எலும்புக்கூடு, குச்சி, கொடிக்கம்பி என்று பெயர் வாங்கிய உடம்பு இது. அல்ட்ராசவுண்டுக்கு ஒல்லியான ஆள்தான் தேவாமிர்தமாம். "இந்த மாதிரி நெஞ்சு கிடைக்காது" என்று அவள் வகுப்பில் சொன்னதை என் காதால் கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் பத்துப் பேர் முன்னால்.

அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் நான் நல்ல பேண்ட் போட்டுக்கொண்டு, பவுடர் பூசிக்கொண்டு கிளம்புவேன். "ஸ்கேனுக்குப் பவுடர் எதுக்குப்பா?" என்று மகள் கேட்பாள். ஸ்டூலில் உட்கார்ந்து தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டுவேன். "இவரு நார்மல். இவருக்குள்ள ஒண்ணுமே கிடையாது. நல்லாப் பாத்துக்குங்க" என்று அவள் அறிமுகம் செய்வாள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் பெருந்தன்மையாகச் சிரிப்பேன். மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் 'நார்மல் சார்'. ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்டபோது, ஏதோ பட்டம் வாங்கியவனைப்போலக் கை உயர்த்தினேன்.

நடுவில் தேர்வு, விடுமுறை என்று வகுப்பு சில மாதங்கள் நடக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் எனக்கு உடம்பு இளைக்கத் தொடங்கியது. நடைப்பயிற்சியின் பலன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். மாலையானால் லேசாகக் குளிரும். போர்த்திக்கொண்டு கையேடு எழுதினேன். வறட்டு இருமல் வந்தது. அவளிடம் சொன்னபோது, குளித்த ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, "ஃபேன் காத்து. வேகத்தைக் குறைச்சு வைங்க" என்றாள். குறைத்து வைத்தேன். டாக்டர் வீட்டில் வைத்தியம் அவ்வளவுதான்.

வகுப்பு மறுபடி தொடங்கிய சனிக்கிழமை, வழக்கத்தைவிட அதிகமாகப் பவுடர் பூசிக்கொண்டு போனேன். அன்று ப்ரோபை, அதாவது முதுகில் வைத்து நகர்த்துகிற ஸ்கேன் கைப்பிடியை, பிடித்தவர், எங்கோ சின்ன மருத்துவமனையிலிருந்து கற்றுக்கொள்ள வந்த நரைத்த தலை டாக்டர். எதைச் சொல்ல வந்தாலும் "ஒரு சந்தேகம் மேடம்" என்று ஆரம்பிப்பதால் வகுப்பில் அவருக்குச் 'சந்தேகம்' என்றே பெயர். என் இடது முதுகில் ப்ரோபை வைத்தார்.

"ஒரு சந்தேகம் மேடம். இங்க கறுப்பாத் தெரியுதே."

"தெரியாது. ரொம்பக் கீழ போயிட்டீங்க, அது இரைப்பை. கெளம்பும்போது ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வர்ற ஆளு இவரு. மேல ஏறுங்க."

அவர் ஏறினார். "இங்கயும் கறுப்புதான் மேடம்."

"இன்னும் மேல."

"இன்னும் கறுப்புதான்."

"உங்களுக்கு ப்ரோப் பிடிக்கவே வரலை. இன்னும் ஏறுங்க."

"இதுக்கு மேல கழுத்துதான் மேடம் இருக்கு."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரிக்கும்போது இடது விலாவில் சுருக்கென்றது. அவள் அலுத்துக்கொண்டே வந்து அவர் கையிலிருந்து ப்ரோபை வாங்கினாள். அவள் கை என் முதுகில் மெதுவாக நகர்ந்தது. கீழே வந்தது, மேலே போனது, மறுபடி கீழே வந்தது. அறையில் சிரிப்பு ஓய்ந்துவிட்டது. நான் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் எனக்கு எதிரில் இருந்தது சுவர் மட்டும்தான்.

"எல்லாரும் கிட்ட வாங்க" என்றாள். குரல் வழக்கத்தைவிட நிதானமாக இருந்தது. "இடது பக்கம். நீர் நிறைய இருக்கு. கறுப்புக்குள்ள வெள்ளை வெள்ளையா கோடு ஓடுது பாருங்க, ஒட்டடை மாதிரி. இது வெறும் தண்ணி இல்லை. இப்படி ஒட்டடை பிடிச்சிருந்தா காசநோயான்னு கட்டாயம் பாக்கணும். நுரையீரல் இங்க, ஓரமா ஒடுங்கி நிக்குது."

"அடப்பாவமே! யாருக்கு?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள்.

ஒவ்வொருவரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். கேள்வி கேட்டாள், பதில் சொன்னவரைப் பாராட்டினாள், சொல்லாதவருக்குத் திரும்ப விளக்கினாள். என் மரமண்டைக்கு விஷயம் எட்டியபோது வகுப்பு பாதி முடிந்திருந்தது. எல்லாரும் வெளியே போன பிறகு அவள் என் முன்பக்கம் வந்து நின்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"பாடத்தை நிறுத்தியிருந்தா அங்கயே அழுதிருப்பேன்" என்றாள். "ஊருல உள்ளவன் முதுகெல்லாம் தெரியுது எனக்கு. பக்கத்துல படுத்திருக்கிற முதுகைப் பாக்கலையே. எத்தனை நாளாங்க இந்த இருமல்?"

"நீதானே ஃபேன் காத்துன்னு சொன்ன?"

"நான் சொன்னா? ஒரு டாக்டர்கிட்ட காட்டியிருக்க வேணாமா?"

 பவுடர் வாசனையோடு அசடு வழிய உட்கார்ந்திருந்தேன். அவள் முதலில் அழுதாள். பிறகு நான் அழுதேன். என்னை அழவைத்தது நோயைப் பற்றிய பயமா, இல்லை அவள் அழுததைப் பார்த்த பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சொந்தக் குடும்பத்தாருக்குக் கத்தி, ஊசி எடுப்பதில்லை என்று அங்கே ஒரு வழக்கம். அதனால் என்னை அவளுடைய மேலதிகாரியிடம் ஒப்படைத்தாள். எல்லாரும் 'பெரியவர்' என்று கூப்பிடும் அவர் பழைய கை. ஸ்கேன் அறையில் படம் பார்த்து, முதுகில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு, அடுத்த அறைக்கு அனுப்பி அங்கே ஊசி போடுவது அவர் பாணி. எனக்கும் குறி போட்டார். அப்போது நான் குனிந்து தலையணையைக் கட்டிப்பிடித்திருந்தேன். அடுத்த அறையில் நர்ஸ் இருவர் இருந்தார்கள். எலும்புக்கூடு என்றாலும் எனக்கும் மானம் உண்டல்லவா? போட்டோவுக்கு உட்காருவதுபோல நெஞ்சை நிமிர்த்தி, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்தேன்.

மரத்துப்போக மருந்து கொடுத்துப் பெரியவர் குறியில் ஊசியை இறக்கினார். சிரிஞ்சில் ஒரு சொட்டுகூட வரவில்லை. சற்றுத் தள்ளி மறுபடி குத்தினார். அதுவும் வறட்சி. "அவ்வளவு தண்ணி படத்துல பாத்தோமே, எங்க போச்சு?" என்று அவருக்கே வியர்த்துவிட்டது. எனக்கு மரியாதை போய்க் கண்ணில் நீர் வந்துவிட்டது; அந்த அறையில் யாருக்காவது நீர் கிடைத்தது என்றால் அங்கேதான்.

கதவுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தவளுக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். "சார், மன்னிச்சுக்குங்க" என்றாள் பெரியவரிடம். என்னைப் பார்த்து, "யாரு உங்களை மாப்பிள்ளை மாதிரி உக்காரச் சொன்னது? கையை முன்னாடி நீட்டுங்க. குனிங்க. தலையணையைக் கட்டிக்குங்க" என்றாள். கட்டிக்கொண்டேன். "இப்பப் பாருங்க சார், உங்க குறி எங்க இருக்குன்னு. தோலும் சட்டை மாதிரிதானே? கையைத் தூக்கினா ஏறும், இறக்கினா இறங்கும். உள்ள இருக்கிற தண்ணி அங்கயேதான் இருக்கு. இவரு சட்டையை நகத்திட்டாரு."

'ஒருமுறை பொருத்திய பிறகு கருவியை அசைக்கக் கூடாது. அசைத்தால் மறுபடி சரிபார்க்கவும்.' இந்த வரியை எத்தனை கையேடுகளில் எழுதியிருப்பேன்! நான் எழுதியதை நானே படித்ததில்லை என்று அன்று நிரூபணமானது.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப நீ படத்தைப் பிடிம்மா, நான் ஊசியைப் பிடிக்கிறேன்" என்றார். அவள் ப்ரோபை அழுத்திப் பிடித்துத் திரையைப் பார்த்தபடியே, "இன்னும் கொஞ்சம் மேல சார். விலாவோட மேல் விளிம்பை ஒட்டியே போங்க. இப்ப நேரா. ம்" என்றாள். சிரிஞ்சில் வைக்கோல் நிறத்தில் நீர் ஏறியது. சோதனைக்கூடத்திலிருந்து பதில் வந்தது. காசநோய்தான்.

காசநோய் மகாகவிகளுக்கு வருவது என்று எங்கேயோ படித்திருந்தேன். மிக்ஸிக்குக் கையேடு எழுதுகிறவனுக்கும் வரும் என்று தெரிந்ததில் ஒரு சின்னப் பெருமிதம் இருந்தது. மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. கவிஞர்கள் யாரும் இதை எழுதி வைக்கவில்லை. என் சளியைச் சோதித்தார்கள், அதில் கிருமி இல்லை. வீட்டில் எல்லாரையும் சோதித்தார்கள், யாருக்கும் ஒன்றும் இல்லை. மகள், "அப்பா, இனிமே நாங்கதான் நார்மல்" என்றாள்.

ஆனால் என் மனைவியை வாட்டியது அந்த ஒட்டடை. வெறும் நீர் என்றால் ஒரு ஊசியில் பெரும்பகுதி வந்துவிடும். ஒட்டடை பிடித்தால் அது நீரைச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்துவிடும். ஓர் அறையைக் காலி செய்தால் அடுத்த அறை அப்படியே இருக்கும். நாளாக ஆக அது தடித்து, இறுகி, நுரையீரலின் மேல் தோல்போல மூடிவிடலாம். அப்புறம் கிருமி செத்தாலும் நுரையீரல் விரியாது. நெஞ்சைத் திறந்து அந்தத் தோலை உரித்தெடுக்கும்படி ஆகும். இதையெல்லாம் அவள் எனக்குச் சொல்லவில்லை. போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் சொன்னதைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

மாத்திரையிலேயே நீர் தானாக வற்றிவிடுவது உண்டு. காத்திருக்கலாம். அல்லது உள்ளே மெல்லிய குழாய் வைத்து, ஒட்டடையைக் கரைக்கிற மருந்தைச் செலுத்தி வடிக்கலாம். அந்த மருந்தில் ரத்தம் கசியும் ஆபத்து கொஞ்சம் உண்டு. வேறு யாருக்காவது என்றால் டீ ஆறுவதற்குள் முடிவு சொல்லிவிடுவாள். என் விஷயத்தில் இரண்டு நாள் ஒரு முடிவுக்கும் வரவில்லை. ஒரு நேரம் குழாய் என்பாள், ஒரு நேரம் வேண்டாம் என்பாள். கடைசியில் படத்தை எடுத்துக்கொண்டு பெரியவர் முன்னால் போய், மூலையில் இருந்த என் பெயரைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"சார், இது யாருன்னு நினைக்காதீங்க. இந்த ஆளுக்கு என்ன செய்வீங்க?"

பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார். "இவ்வளவு அறை அறையா இருந்தா நான் குழாய் போட்டுக் கரைப்பேன். மூச்சும் வாங்குறாரு, காத்திருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "விரலை எடும்மா, வலிக்கப் போகுது. உன் வீட்டுக்காரர்னு எனக்குத் தெரியும்" என்றார். பக்கத்து நாற்காலியில் சம்பந்தப்பட்ட முதுகோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

இருக்கிற அறைகளிலேயே பெரிய அறையைத் தேடிப் பிடித்து அவள் படத்தில் காட்ட, பெரியவர் குழாயை வைத்தார். மருந்து உள்ளே போனது. தினமும் காலையில் வந்து ப்ரோபை வைப்பாள். ரத்தம் ஏதும் கசியவில்லை. கோடுகள் அறுந்து மிதக்கின்றன என்றாள். கட்டிலுக்குக் கீழே தொங்கிய பை நிறைந்துகொண்டே வந்தது. "இவ்வளவும் எனக்குள்ளயா இருந்துச்சு? உள்ள ஒண்ணுமே இல்லைன்னு சொன்னியே!" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நுரையீரல் பாதி இறங்கி வந்து, அதற்கு மேல் வர மறுத்து நின்றுவிட்டது. "வாப்பா. வந்துரு" என்று கெஞ்சினாள். கேலி இல்லாமல் அவள் நுரையீரலோடு பேசியதை அப்போதுதான் பார்த்தேன். வடிவது நின்றதும் குழாயை எடுத்தார்கள். "பரவாயில்லை" என்றாள் அவள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு தொடங்கியது என் உண்மையான தொல்லை. போனில் செருகிப் பார்க்கிற குட்டி ப்ரோப் ஒன்று அவளிடம் உண்டு. பல் துலக்கும்போது, ஷூ மாட்டும்போது, காய்கறி வாங்கி வந்து பையைக் கீழே வைக்கும்போது, பின்னால் வந்து சட்டையைத் தூக்கிவிடுவாள். ஒருநாள் காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் இதைப் பார்த்துவிட்டுச் சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். பார்த்து முடித்ததும் ஒவ்வொரு தடவையும் அதே "பரவாயில்லை." மூச்சுப் பயிற்சிக்குப் பலூன் ஊதச் சொன்னாள். நான் கண் பிதுங்க எலுமிச்சம்பழ அளவுக்கு ஊதி முடிப்பதற்குள் மகள் நாலு பலூனை ஊதிக் கட்டிவிடுவாள். தோற்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் பக்கத்தில் அவள் அம்மா நின்று என் நெஞ்சு எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் பார்க்கிறாள் என்பதற்காகவே மேலும் ஊதினேன்.

மாத்திரைகள் முடியும் தறுவாயில் வீட்டு ஸ்கேன் திடீரென்று நின்றது. குட்டி ப்ரோப் பையை விட்டு வெளியே வரவில்லை. கேட்டதற்கு, "சார்ஜ் இல்லை" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. அடுத்த படம்தான் முடிவைச் சொல்லும் படம்: நுரையீரல் இறங்கி வந்திருந்தால் வந்தது, இல்லையென்றால் உரிக்க வேண்டியதுதான். அதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை. இரண்டு பேருமாகச் சார்ஜ் இல்லை என்று சொல்லிக்கொண்டு சில நாட்களைக் கடத்தினோம்.

ஒரு சனிக்கிழமை அவளே, "கெளம்புங்க, வகுப்புக்கு வாங்க" என்றாள். அன்று நான் பவுடர் பூசவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, தலையணையைக் கட்டி, கையை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்துக்கொண்டேன். அவள் என்னை அறிமுகம் செய்யவில்லை. ப்ரோபை நரைத்த தலை டாக்டரிடம் கொடுத்துவிட்டு, திரை தெரியாத மூலைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். ஜெல் சில்லென்று பட்டது. அவள் அன்று பாட்டிலை இடுக்கிக்கொள்ள மறந்திருக்கிறாள்.

"மூச்சை நல்லா இழுங்க சார்" என்றார் அவர். இழுத்தேன். "இன்னொரு தடவை." இழுத்தேன். அவர் ப்ரோபைக் கீழிருந்து மேலாக நகர்த்தினார். வழக்கமான 'ஒரு சந்தேகம்'கூட வரவில்லை.  அவளுக்காகவாவது இந்த நுரையீரல் இறங்கி வந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

"கீழ வரைக்கும் வருது மேடம்" என்றார் அவர். "மூலை வரைக்கும். கறுப்பே இல்லை. ஓரத்துல மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நீங்களே வந்து பாருங்க மேடம்."

அவள் வந்தாள். திரையைப் பார்த்தாள். நான் மூச்சை இழுத்தேன், விட்டேன், மறுபடி இழுத்தேன். மாணவர்கள் விளக்கம் வரும் என்று காத்திருந்தார்கள். அவள் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை. ஸ்டூலுக்குப் பின்னால் மண்டி போட்டாள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ஜெல் வழிகிற என் முதுகில், இடது பக்கம், விலாவின் அடியில், கன்னத்தோடு சேர்த்துத் தன் காதை அழுத்தி வைத்துக்கொண்டாள். நான் மூச்சு விட விட, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள்.